2050க்குள் எல்லா வலையும் காலி

பேனரை மாமரத்தில் இழுத்துக் கட்டிய பிறகுதான் சர்க்கார் ஊழியன் லிம்பிகானி அதைப் படித்தான். படித்ததும் அப்படியே வேரின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

'நம் நாட்டின் உறுதிமொழி: 2050க்குள் எல்லா வலையும் காலி.'

இங்கிலீஷில் அது நெட் ஜீரோ. நாடு விடுகிற புகையும் காடு இழுத்துக்கொள்கிற புகையும் சரிக்குச் சரியாகிவிட வேண்டும் என்று அர்த்தம். தலைநகர் லிலோங்வேயில் எந்தப் புண்ணியவானோ நெட் என்றால் வலைதானே என்று நாட்டு மொழி சிச்சேவாவில் ஜம்மென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சடித்தவனும் பார்க்கவில்லை, ஜீப்பில் ஏற்றி வந்த இவனும் பார்க்கவில்லை. மீன்பிடித்துப் பிழைக்கிற ஏரிக்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தப்பு வாய்க்காது.

அவிழ்த்துவிடலாம் என்று எழுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பருவநிலை மாநாட்டுக்குத் தூதுக்குழு கிளம்பும் முன் இந்த ஊர் மலைக்காட்டையும் உறுதிமொழியில் சேர்த்தாக வேண்டும். ஊர்த்தலைவர் கைநாட்டு வைத்துவிட்டால் மலையில் கோடாரி விழக்கூடாது. மீனைப் புகைபோட்டு விற்கிற பெண்களுக்கு அந்த மலையை விட்டால் விறகு கிடையாது. ஊர் ஊராக இதையே சொல்லிச் சொல்லி லிம்பிகானிக்குத் தன் குரலே சலித்துப் போயிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவள் ஸியோனே. மீனுக்குப் புகைபோட்டுப் போட்டு அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

"எங்க வலை இப்பவே காலியாத்தானய்யா வருது? இதுக்கு எதுக்கு 2050 வரைக்கும் காத்திருக்கணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் கம்பாலமே மட்டும் சிரிக்காமல் பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சும்மா இருடி. நம்ம வலைய மட்டுமா சொல்றான்? எல்லா வலையும்னு போட்டிருக்கான் பாரு. ஏரிய வழிச்சு நக்கிட்டுப் போறானே பெரிய படகுக்காரன், அவன் வலையுந்தான்! அவனுக்கு ஆப்பு வருது!"

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் பெரிய படகுக்கு எதிராக எத்தனை வருஷமாக மனுக் கொடுத்து நடந்த ஜனங்கள்! லிம்பிகானி அவசரமாகக் கையை உயர்த்தினான்.

"தலைவரே, அது தப்பா அச்சாயிருக்கு. வலையப் பத்தின பேச்சே இல்ல. இது புகை விஷயம். நீங்க கைநாட்டு வச்சா மலையில ஒரு குச்சி ஒடிக்க முடியாது."

"மரத்தத் தொடாதேன்னு எந்த சர்க்காருதான் சொல்லல தம்பி?" என்றார் கம்பாலமே. "ஃபாரஸ்ட் கார்டு வருவான், ரெண்டு கூடை மீன வாங்கிட்டுப் போவான். அது நடக்கறதுதான். வலைதான் முக்கியம்."

"இந்தத் தடவை கார்டு இல்ல. வானத்துலேர்ந்து படம் புடிப்பாங்க. சத்தியமா வலை இல்ல தலைவரே, படகுக்காரன யாரும் தொடப்போறதில்ல."

ஸியோனே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"படகுக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"அக்கா..."

"சர்க்காரு இம்மாம் பெரிசா எழுதி அனுப்பியிருக்கு. நீ அது தப்புங்கற. சர்க்காரு பொய் சொல்லுது, நீ உண்மை சொல்ற, அப்படித்தானே? தலைவரே, இவன் மனசு மாறி ஓடறதுக்குள்ள விரல வையுங்க!"

கம்பாலமே கட்டைவிரலை நீட்டினார். உண்மையைச் சொன்னவன் திருடன், தப்பாக அடித்த பேனர் சத்தியவாக்கு. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அடுத்த ஊர் பாக்கி இருந்தது, லிலோங்வேயிலிருந்து காலையிலிருந்தே போன் வந்துகொண்டிருந்தது. அவன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.

மறுபடியும் குலவை. ஸியோனே முகமெல்லாம் சிரிப்பாக அவன் தோளைத் தட்டினாள்.

"கோவிச்சுக்காத தம்பி. நல்ல சேதி கொண்டாந்த ஆளு வெறும் வயித்தோட போகலாமா? இரு, மீன் சுட்டுத் தரேன்."

அரிவாளை எடுத்துக்கொண்டு விறகுக்காக மலைப்பக்கம் நடந்தாள்.