உப்பளத்தில் கொண்டை ஊசி வளைவு

...அருவியைச் சேர்த்ததுதான் பிசகு, அது இல்லாமலே அவர் சொல்லிவந்த சவுதி மலை நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது, வளைவு இருந்தது, பள்ளம் இருந்தது, பனிமூட்டம்கூடப் போன ரமலானில் சேர்ந்துகொண்டது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அருவி வந்த அன்றைக்குத்தான் டீக்கடை ஷஃபி கிளாஸைக் கழுவிக்கொண்டே, ஏன் பாய், பாலைவனத்துல அருவியா என்றான்... மலைன்னா மழை பெய்யும், மழை பெஞ்சா அருவி வரும், இதுகூடவாடா தெரியாது என்று லியாகத் அலி அவனை அடக்கிவிட்டார்தான், ஆனாலும் அந்த அருவி அவருடையதல்ல, செல்போனில் 'உலகை நடுங்க வைக்கும் பத்து மலைச்சாலைகள்' என்று ஒரு வீடியோ, அதில் ஏதோ ஒரு தென்னமெரிக்க நாட்டுச் சாலையின் தலையில் கொட்டிக்கொண்டிருந்ததை அப்படியே சவுதிக்குத் திருப்பி விட்டுவிட்டார். "அத்தா, இங்க திரும்பவா?" என்றாள் ஹம்னா. திரும்பு, திரும்பு. மகள் காரை ஈசிஆரிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குள் இறக்கினாள். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் மண்பாதை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பூமியை யாரோ இஸ்திரி போட்டு மடிக்காமல் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஆங்காங்கே உப்புக் குவியல்கள், சிலதற்குக் கீற்று வேய்ந்திருந்தார்கள், சிலது சாயங்கால வெயிலில் மொட்டையாகப் பளபளத்தது. இருப்பதிலேயே உயரமான சிகரம் ஒரு தென்னம்பிள்ளை அளவுக்கு இருக்கும். இங்கேதான் அவர் தன் மகளுக்கு மலை ஏறக் கற்றுத்தர வேண்டும்.

நாளைக்கு விடிந்தால் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆரோவில் ஆபீசில் கூட வேலை செய்கிற பூஜா, கிருபா, இன்னும் ஒருத்தி, நான்கு பெண்கள், ஓட்டப்போவது இவள். கார் வாங்கிய நாளிலிருந்து ஈசிஆர், ஈசிஆர், நேர் கோட்டில் போய் நேர் கோட்டில் வந்து எனக்கே போர் அடிக்குதுத்தா என்றாள். மனைவி சைபுன்னிசா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள், மலையில ஓட்டுன மனுசன் வீட்டுலயே இருக்காரு, அவரு கூட்டிட்டுப் போயி சொல்லிக் குடுத்து, சரி, இவ ஓட்டிடுவான்னு அவரு வாயால சொல்லட்டும், போ, இல்லன்னா சாவிய எங்கிட்ட குடு. அன்றைக்கு அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வயிற்று வலி என்றிருக்கலாம். முதுகு என்றிருக்கலாம், அவருக்கு முதுகு இருப்பது ஊருக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு, மலைங்கறது வெளையாட்டு இல்ல ஹம்னா, மலை நம்மளப் படிக்கும், நாம மலையப் படிக்கணும் என்று... என்ன அர்த்தம் அதற்கு? அவருக்கே தெரியவில்லை. சொன்னபோது நன்றாக இருந்தது.

கோட்டக்குப்பத்தில் லியாகத்துகள் நிறையப் பேர். டெய்லர் லியாகத், மீன்கடை லியாகத், ஒரு பல் லியாகத். இவர் மலை லியாகத். வீதியில் புது டூவீலர் வாங்கியவன்கூட, பாய், ஊட்டி போறேன், பிரேக்க எப்படிப் புடிக்கணும் என்று கேட்டுவிட்டுத்தான் போவான், இவரும் பிரேக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். சவுதியில் இருந்தது நிஜம். ஓட்டியதும் நிஜம். ஜித்தாவில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், உறைந்த கோழிப் பெட்டிகளைத் தூக்கித் தட்டில் வைக்கிற வண்டி. அதில் அதிகபட்ச ஏற்றம் மேல் தட்டு. அதிலும் ஏறியது கோழிதான், அவர் கீழேயே இருந்தார். அந்தக் கோழியைத் தாயிஃபுக்கு, மலைமேல் இருக்கும் ஊருக்கு, லாரியில் கொண்டுபோனவன் குல் கான் என்ற பட்டாணியன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், வாடா லியாகத், மேல குளிர்காத்து வாங்கிட்டு வரலாம் என்று ஏற்றிக்கொண்டான். முதல் வளைவைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தெரிந்த சூராக்களையெல்லாம் ஓதி முடித்து, தீர்ந்துபோனதால் திரும்பவும் முதலிலிருந்து ஓதி, மேலே போய்ச் சேர்ந்தபோது குல் கான் சிரித்த சிரிப்பு... இறங்கும்போதும் அதே துண்டு. ஆக அந்த மலையில் அவர் கண்ணால் பார்த்தது ஒரு வளைவு. ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில், மலையில் போய் வந்தோம் என்றுதான் எழுதினார். படித்த சைபுன்னிசா அக்கம்பக்கத்தில், அவரு மலையில ஓட்டுறாரு என்று சொன்னாள். அதைத் திருத்தி இன்னொரு கடிதம் எழுதலாம் என்றுதான் இருந்தார். இப்போது நினைத்தால், ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதற்கு எத்தனை வளைவு முளைத்துவிட்டது.

"இந்த ரோடு பரவாயில்லத்தா, மலை மாதிரியேதான் வளையுது." பாதை உப்புக் குவியல்களைச் சுற்றிச் சுற்றித்தான் போனது, அதனால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார், குவியலை மலை என்று வைத்துக்கொள், பாத்தியைப் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள் என்றார், அவளும் வைத்துக்கொண்டாள். பள்ளத்தாக்கில் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது. அவருக்குத் தெரிந்த மலைப் பாடம் மொத்தமும் குல் கானிடம் கேட்டது, அதிலும் துண்டுக்குள்ளிருந்து கேட்டது, எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்று, ஒவ்வொரு வளைவிலும் அவன் கத்திக்கொண்டே வந்தது, வலது ஓரத்த விடாத லியாகத், உசிரே போனாலும் வலது ஓரத்த விடாத. அதை அப்படியே மகளுக்குக் கொடுத்தார். வளைவு வந்தா ரைட் ஓரத்த விடாத. ஹம்னா நெற்றியைச் சுருக்கினாள், லெஃப்ட்லதானே போவணும்? கேட்டாள், கேட்கத்தான் செய்தாள், அவர்தான், அது ஊர் ரூலு, இது மலை ரூலு என்றார். "சரித்தா" என்று வண்டியை வலது ஓரத்துக்கு ஒடித்து உப்புக் குவியலை ஒட்டியே திருப்பினாள், என்ன அழகாகத் திருப்புகிறாள், சுற்றி வளைத்துக் குவியலுக்கு அந்தப் பக்கம் வந்தபோது, கண்ணாடி முழுக்க ஒரு டிராக்டர்.

பிரேக் அடித்தாள். இவரும் அடித்தார், அவர் காலடியில் வெறும் ரப்பர் மிதியடிதான் இருந்தது. டிராக்டரின் மூக்கும் காரின் மூக்கும் மோந்து பார்க்கிற தூரத்தில் நின்றன, டிரெய்லரில் இருந்த உப்பு மூட்டை ஒன்று சரிந்து விழுந்து வாயைப் பிளந்தது. ஓட்டிவந்த ஆள் இறங்காமலே, "ஏம்மா, லெஃப்ட்டு எது ரைட்டு எதுன்னு தெரியாதா? நேரா மோத வர்ற?" என்றான். ஹம்னா பதறவில்லை, கண்ணாடியை இறக்கி, "சாரிண்ணா, மலை ரூலு பிராக்டிஸ் பண்றோம், அத்தா சவுதில மலையில ஓட்டுனவரு" என்றாள். அந்த ஆள் லியாகத் அலியைப் பார்த்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான், கிழக்கே, மேற்கே, நிதானமாக, ஏதாவது விட்டுவிட்டோமோ என்கிற மாதிரி. "எங்கம்மா மலை?" "ஏய் கலியபெருமாளு, வண்டிய எடுய்யா, பொழுது போவுது" என்று பாத்திக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். கலியபெருமாள் இறங்கிவந்து மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மலைக்கே போனாலும் லெஃப்ட்டுல போம்மா, எதிர்ல வர்றவன் சவுதிக்குப் போயிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சவுதிக்கு... அங்கே வண்டிகள் வலப்பக்கம் அல்லவா போகும்? ஸ்டியரிங் இடப்பக்கம் அல்லவா? வலது ஓரம் என்றால் குல் கானுக்கு அது அவனுடைய ஓரம், உன் பக்கத்தை விடாதே என்றுதான் கத்தியிருக்கிறான், அதை இவர் கப்பல் ஏற்றாத குறையாக ஊருக்குக் கொண்டுவந்து, ஊட்டி போனவனுக்கெல்லாம்... யா அல்லாஹ், யார் யாருக்குச் சொன்னார்? அவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள், ஏன் என்றால் அவர்கள் யாரும் இவர் சொன்னதைக் கேட்கவில்லை, டீ குடிக்கும்போது கேட்டுவிட்டு ரோட்டில் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் அவருடைய மரியாதை. கேட்டது இவள் ஒருத்தி. ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டு, நாளைக்குக் காலையில் எழுபது வளைவிலும் எதிரே வருகிற பஸ்ஸின் மூக்குக்கு நேராக, சரித்தா, சரித்தா என்று... "அந்த ரூல் வேணாம்" என்றார். "மலையிலயும் லெஃப்ட்தான்." ஹம்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரித்தா" என்றாள். முன்பு சொன்ன அதே சரித்தா, அதே சுருதி. தப்புக்கும் அதுதான், சரிக்கும் அதுதான். வேறு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தார்? இறங்கும்போது நியூட்ரல்ல விடு, இன்ஜினுக்கு ஓய்வு என்று சொன்னாரே, அது யார் சொன்னது, குல் கானா, அந்த வீடியோவா, இல்லை அவரே அந்த நேரத்துக்குச் செய்ததா? ஹார்ன் அடிக்காதே, பாறை சரியும் என்றாரே? எது குல் கான், எது அருவி?

திரும்பும் வழியில் கால்வாய்ப் பாலம். அந்த வட்டாரத்தில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். பாதி ஏற்றத்தில் முன்னே போன மாட்டு வண்டிக்காக ஹம்னா நிறுத்த வேண்டி வந்தது. வண்டி நகர்ந்ததும் எடுத்தாள், கார் பின்னால் சரிந்தது, சட்டென்று பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஒரு மினி பஸ் ஹார்ன் அடித்தது. "அத்தா, பின்னாடி போவுது. இப்ப என்ன பண்ணணும்?" ஊட்டிக்காரர்களுக்கு இதற்குக் கால் மணி நேரப் பதில் இருந்தது. மலை நம்மைப் படிக்கும். இதோ படிக்கிறது. அவர் வாயைத் திறந்தார், தாடியைத் தொட்ட கையை எடுத்துவிட்டார்.

"தெரியாதும்மா."

"என்னத்தா?"

"தெரியாது. நான் ஓட்டுனதில்ல. மலையில... பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கண்ண மூடிக்கிட்டு. நியூட்ரல், ஹார்னு, ஒண்ணையும் வச்சிக்காத."

மினி பஸ் மறுபடி ஹார்ன் அடித்தது. ஹம்னா கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, அவரிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, "டிரைவிங் ஸ்கூல்ல ஒரு அக்கா ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டு கிளட்ச்ச பாதி விடச் சொன்னாங்க, நீங்க வேற மாதிரி சொன்னீங்கன்னு அத விட்டுட்டேன்" என்றாள். போட்டாள். பாதி விட்டாள். காரின் முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது, அப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள், கார் ஒரு அங்குலம்கூடச் சரியாமல் மேலே போனது. பாலத்தின் உச்சியில் உப்பளம் மொத்தமும் தெரிந்தது, வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், தட்டையான தண்ணீர், தூரத்தில் கலியபெருமாளின் டிராக்டர், அதன் இடப்பக்கத்தில் ஒழுங்காக. எல்லாவற்றையும் லியாகத் அலி பார்த்தார். கண்ணை மூடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பாக்கெட்டில் போன் அடித்தது. சைபுன்னிசா. ஸ்பீக்கரில் போடாமலே காருக்குள் கேட்கும் குரல் அவளுக்கு. "என்னங்க, ஓட்டுறாளா?" ஓட்டுறா. "நீங்க சொன்ன மாதிரி ஓட்டுறாளா?" அவர் மகளைப் பார்த்தார். இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொண்டிருந்தாள், அதை அவர் சொல்லித் தரவில்லை. "இல்ல" என்றார். "இல்லையா? அப்ப வேணாம், சாவிய வாங்கிக்கிறேன்." "அதனாலதான் அனுப்பலாங்கறேன்." "என்ன ஒளர்றீங்க, வீட்டுக்கு வாங்க மொதல்ல" என்று அவள் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போக வேண்டும், அவளுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும், அவள் அதை அடுத்த வீட்டுக்குச் சொல்வாள், காலையில் ஷஃபியின் கடைக்குப் போக வேண்டும், போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள்... அதெல்லாம் இருக்கட்டும். இவள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? அப்ப யாருத்தா ஓட்டுனது, அப்ப இவ்ளோ வருஷமா சொன்னதெல்லாம் என்ன என்று இப்போது கேட்பாள், அடுத்த ஊர் வந்ததும் கேட்பாள் என்று பார்த்தார். கழிக்குப்பம் போயிற்று. பொம்மையார்பாளையம் வந்துவிட்டது. கேட்கவில்லை. கோபமா? மரியாதையா? மன்னித்துவிட்டாளா, இல்லை இனிமேல் கேட்க ஒன்றுமில்லை என்று எடுத்து வைத்துவிட்டாளா? லைட்டைப் போட்டுக்கொண்டு எதிரே ஒரு லாரி வந்தது, ஹம்னா இடது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள், கண் ரோட்டை விட்டு அகலவில்லை. ஒருவேளை அவ்வளவுதானோ, வண்டி ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்கிறாளோ என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய வலது கால் இன்னும் அந்த மிதியடியை அழுத்திக்கொண்டே இருந்தது.