மூன்று தகடுகள்

சால்ட்டோ நகரத்து ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாகத் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுகிறவள் எலிதா. ஊரில் பாதிப் பெண்களின் கர்ப்பப்பைச் சங்கதி அவள் கையைத் தாண்டித்தான் டாக்டர் கண்ணுக்குப் போகும். இன்று கையிலிருந்த கண்ணாடித் தகட்டில் இருந்தது அவளுடைய சொந்தத் திசு. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டது. வேறொரு கிளினிக்கில் கர்ப்பப்பையின் உட்புறத்தைச் சுரண்டி அனுப்பினார்கள். தகட்டில் பேர் கிடையாது, எண் மட்டும்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்?

அவள் தேடியது பீடென் என்ற புரதத்தை. அது இருக்கிற சுரப்பி பழுப்பாகும். புற்றுக்கு வழிவிடத் தொடங்கிய சுரப்பியில் அது காணாமல் போய் வெளிறிக் கிடக்கும். குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு கூட்டமே வெளிறிக் கிடந்தது.

"மருந்து கெட்டுப்போச்சு, சனியன்" என்று புட்டியைத் திட்டினாள். புதுப் புட்டி திறந்து அதே திசுவின் வேறொரு தகட்டில் ஏற்றினாள். அதே வெளுப்பு. மூன்றாவதிலும் அப்படியே. அப்புறம் அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. நேற்று சேர்ந்த பயிற்சிக்காரிக்குக்கூடத் தெரியும், சுற்றியுள்ள செல்கள் பழுப்பாக இருந்தால் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது என்று. முதல் தகட்டிலேயே அவை நல்ல பழுப்பு. பயத்தில் அவள்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

மூன்றையும் டாக்டரம்மா பெந்தான்கோரிடம் கொண்டுபோனாள். அவர் அறையில் குடுவையிலிருந்து குழல் வழியாக மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஆளுக்கு மூணு தகடா? யாரு, மகாராணியா?" சிரித்தபடி குனிந்தவர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னும் புற்று ஆகல. விட்டா ஆயிடும். கர்ப்பப்பைய எடுத்துட்டாப் பொழச்சுக்குவா. துணைக்கு ஒரு ஆளோட வரச் சொல்லு, தனியா வந்தா ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்க."

"தனியாத்தான் வருவா, டாக்டர்."

"ஏன், புருஷன், புள்ள, பக்கத்து வீடு, ஒருத்தருமா இல்ல?"

"பூனை ஒண்ணு இருக்கு."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எலிதாவின் பூனையை ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"துணைங்கிற எடத்துல என் பேர எழுதிக்கோ."

"நீங்க வந்துட்டா இங்க தகடெல்லாம் யாரு பாப்பாங்க?"

"ஒரு நாள் ஊரே காத்திருக்கட்டுமே!"

டாக்டரம்மா தன் மாத்தே குடுவையிலேயே வெந்நீர் ஊற்றி நீட்டினார். எலிதா எப்போதும் தன் குடுவையைக் கொண்டுவந்து மூலையில் தனியாகக் குடிக்கிறவள். வாங்கிக்கொண்டாள். இன்னொருவர் வாய்வைத்த குழலில் அவள் வாய்வைப்பது, அம்மா செத்த பிறகு இதுதான் முதல்முறை.