நாற்பத்தேழாம் நம்பர் லாரி

எங்கள் கப்பலின் வேலை சும்மா இருப்பது. வருடத்தில் பதினோரு மாதம் பசிபிக் கடலில் சைப்பான் தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டுக் கிடப்போம். வயிற்றுக்குள் ஒரு படைக்கு வேண்டிய லாரிகள், பீரங்கிகள், கூடாரங்கள், ஐந்நூறு படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று, எல்லாம் இருக்கும். எங்காவது சண்டை மூண்டால் ஆட்கள் விமானத்தில் போவார்கள், சாமான் எங்களோடு போகும். நான் ஏறி பதினாலு வருடமாகிறது, அப்படி ஒரு உத்தரவும் வரவில்லை. கல்யாணமே நடக்காத வீட்டில் தினமும் பந்திப் பாத்திரம் துலக்குகிற உத்தியோகம்.

என் பெயர் வெர்ன் ஹாஸ்கெட். ஊர் அலபாமாவில் மோபில். சரக்குத் தளத்து மெக்கானிக். கப்பலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். வண்டிக்கு ஒரு அட்டை, ஸ்டீயரிங்கில் தொங்கும். அதில் நான் ஒரு கையெழுத்து, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான தலைமை மேட் க்ளைட் ரக்கர் ஒரு கையெழுத்து.

க்ளைட் சீல் பைத்தியம். கன்டெய்னர் கதவுகளில் நம்பர் போட்ட சீல் இருக்கும். தினமும் காலையில் டார்ச் லைட்டோடு போய் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் காபி குடிப்பான். கரையிலிருந்து அனுமதி வராமல் ஒரு சீலை உடைப்பது அவனுக்குக் கோயில் உண்டியலை உடைப்பது மாதிரி. ஆனால் வண்டி விஷயத்தில் என்னிடம் அவ்வளவு கெடுபிடி கிடையாது. இந்தக் கப்பலுக்கு முன்பிருந்தே இருபது வருடப் பழக்கம். மாதக் கடைசியில் அட்டைகளை அள்ளிக்கொண்டு அவன் அறைக்குப் போவேன்.

"எல்லாம் ஓடுதாடா?"

"ஓடுது."

"நீ சொன்னா சரிதான்." மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிடுவான்.

நாற்பத்தேழாம் நம்பர் லாரி மூன்றாம் தளத்தில் இடது மூலையில் நின்றது. அதற்கு முன்னால் மூன்று லாரிகள், ஒன்றோடொன்று மூக்கை இடித்துக்கொண்டு. நடந்து போக வழியில்லை. பானெட்டுகள் மேல் ஏறி, தவழ்ந்துதான் போக வேண்டும். பிப்ரவரியில் என் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. போன மாதம் ஓடிய வண்டி இந்த மாதம் மட்டும் ஓடாமலா போகும் என்று அட்டையில் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். மார்ச்சில் முழங்கால் சரியாகிவிட்டது. ஆனாலும் போகவில்லை. ஒரு தடவை பழகிவிட்டால் பொய் சொல்வது தவழ்வதைவிட சுலபம்.

ஜூலையில் புயல் எச்சரிக்கை வந்தது. நங்கூரத்தில் கிடந்த கப்பல்கள் எல்லாம் தெற்கே ஓடின, நாங்களும் ஓடினோம். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குத் துணி உலர்த்தும் அறையில் தீப்பிடித்தது. சின்னத் தீதான், பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. புகைதான் பெரிது. உலர்த்தும் மெஷினில் இருந்தது என் மேலங்கி. தினமும் அந்த நேரத்துக்கு நான் அங்கேதான் நிற்பேன் என்பது கப்பலுக்கே தெரியும். அன்றைக்குப் பார்த்து சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தேன். க்ளைட் முகமூடி வரும்வரை நிற்கவில்லை. "வெர்ன்! வெர்ன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனானாம். வெளியே இழுத்துப் போட்டபோது அவன் முகம் கரியாக இருந்தது, மூச்சு விசில் அடித்தது.

கப்பலில் இருந்தது இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர். ஒன்று நாலு மணி நேரம் தாங்கும். சாட்டிலைட் போனில் டாக்டர், ஆக்ஸிஜன் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்றார். புயலைச் சுற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் வர மறுநாள் மதியம் ஆகும்.

கேப்டன் மரியன் ஓடம் போனை வைத்துவிட்டுத் தரையைக் காலால் தட்டினாள். "என் காலுக்குக் கீழ ஐநூறு படுக்கை ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு சிலிண்டர வச்சுக்கிட்டு முழிக்கிறோம்."

சரக்குப் பட்டியலைப் புரட்டினாள். மருந்து ஒரு மாத்திரைகூட இல்லை. காலாவதியாகிவிடும் என்று மருந்தை எங்களிடம் தருவதில்லை. ஆனால் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கிற மெஷின் இருந்தது. மூன்றாம் தளம், இடது மூலைக் கன்டெய்னர். யாரும் திறந்துவிடக் கூடாது என்று அதன் கதவை அடைத்தாற்போல ஒரு லாரியை நிறுத்தியிருந்தார்கள். எந்த லாரி என்று எனக்குப் பட்டியல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

படுக்கையில் கிடந்த க்ளைட் ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கினான். "சீல உடைக்காதீங்க கேப்டன். பர்மிஷன்..."

"கேட்டாச்சு. வர்றப்ப வரட்டும். நீ வாய மூடிக்கிட்டு மூச்ச மட்டும் விடு."

நானும் மாலுமிகளுக்கு மேஸ்திரியான போசன் நார்சிசோவும் ஆறு பேரோடு கீழே ஓடினோம். ஒவ்வொரு லாரியையும் தளத்தோடு கட்டியிருப்பது எட்டுச் சங்கிலி. கப்பல் உருளும்போது சங்கிலியைக் கழற்றினால் லாரி நம் மேல் சாயும். ஒன்றைக் கழற்றி, சரிவுப் பாதைக்கு ஓட்டி, அங்கே கட்டிவிட்டு, அடுத்ததற்கு வர வேண்டும். முதல் மூன்றும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயின. மணி ஒன்று.

நாற்பத்தேழில் ஏறி ஸ்விட்சைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

நார்சிசோ பிலிப்பைன்ஸ்காரன். மூத்தவர்களை அவர்கள் வழக்கப்படி "குயா" என்பான், அண்ணன் என்று. ஸ்டீயரிங்கில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தான். "குயா, போன மாசம் ஓடுச்சுன்னு போட்டிருக்கே? திடீர்னு எப்படிச் செத்துச்சு?"

பின்னாலேயே கேப்டன் வந்து நின்றாள். முந்தாநாள் வரை ஓடியது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாய் வரை வந்தது.

"போன மாசம் ஓடல கேப்டன். அதுக்கு முந்தியும் ஓடல. அஞ்சு மாசமா நான் இதுகிட்டயே வரல."

கேப்டன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் அறைந்திருந்தால் தேவலை. "திட்டுறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. இத எப்படி நகத்துறது? அத சொல்லு."

பக்கத்து லாரியைத் திரும்பக் கொண்டுவந்து பேட்டரிக்குக் கேபிள் போட்டோம். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஓடாமல் கிடந்ததில் டீசல் பம்ப் உலர்ந்து ஒட்டிப்போயிருந்தது. இன்ஜின் ஓடாவிட்டால் காற்று ஏறாது, காற்று ஏறாவிட்டால் பிரேக் விடாது. அடியில் படுத்து ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு நீள போல்ட்டைக் கையால் திருகி விடுவிக்க வேண்டும். இரண்டு மணி ஆகியிருந்தது. மேலே இரண்டாவது சிலிண்டரை மாட்டினார்கள்.

"நான் பாத்துக்குறேன். யாரும் வராதீங்க," என்று அடியில் புகுந்தேன். நாலு போல்ட்டுக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு உருளலுக்கும் பத்து டன் என் மூக்குக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. பயமாக இருந்தது. அதைவிட, நின்று மூச்சு வாங்க வெட்கமாக இருந்தது. பிறகு செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைப் போட்டு, விரல் விரலாக இழுத்தோம். கேப்டனே சீலை வெட்டினாள். மெஷினை நாலு மாடி தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, மாட்டி, அது உறுமத் தொடங்கியபோது மணி ஆறு நாற்பது.

சிலிண்டர் ஆறு மணிக்கே தீர்ந்திருந்தது. க்ளைட்டின் உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி இருந்தது. அந்த நிறம் மாறும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிப் போனது. அதற்கு அரை மணி கழித்துக் கரையிலிருந்து பதில் வந்தது: எதற்காக சீலை உடைக்க வேண்டும் என்று விளக்கி மறுபடி அனுப்பவும்.

கேப்டன் எல்லாவற்றையும் எழுதினாள், என்னையும் சேர்த்து. என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பெட்டி கட்டி வைத்திருந்தேன். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். க்ளைட்டின் நுரையீரலில் பாதி போய்விட்டது என்று செய்தி வந்தது. எல்லாம் புகையால்தான் என்றார் டாக்டர். இருக்கலாம். அந்த நாற்பது நிமிடத்தை என் தலையிலிருந்து எடுக்க அவரால் முடியாது.

ஏழு மாதம் கழித்து க்ளைட் திரும்பி வந்தான். எந்த டாக்டரைக் கெஞ்சிச் சான்றிதழ் வாங்கினானோ தெரியாது. சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் சிரித்தான், என்னிடமும் சிரித்தான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஜோக் அடித்தான். தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். நான் முட்டாள்.

மாதக் கடைசியில் அட்டைகளை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். பேனாவின் மூடியைத் திறந்தான்.

"நாப்பத்தேழு?"

"ஓடுது. சத்தியமா ஓடுது க்ளைட். இன்னைக்குக் காலைலதான் நானே..."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். "வா."

"எங்க?"

"கீழ."

"நாலு மாடிடா. உன்னால முடியாது. இங்கேயே இரு, போன்ல சத்தத்தப் பதிஞ்சு கொண்டாரேன்."

அவன் ஏணியில் இறங்கத் தொடங்கினான். ஒவ்வொரு தளத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த விசில் சத்தம் இன்னும் அவன் நெஞ்சுக்குள் இருந்தது. நான் பின்னால் நின்று காத்திருந்தேன், தொட்டுப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

பானெட்டுகள் மேல் தவழ்ந்து போய் நாற்பத்தேழை ஸ்டார்ட் செய்தேன். ஒரே திருப்பில் பிடித்தது. க்ளைட் இந்தப் பக்கம் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் முழுக்கக் கேட்டான். பிறகு அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"சரி, ஏறிப் போலாமா?" என்றேன்.

நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த லாரியின் பக்கம் நகர்ந்தான்.

"இன்னும் முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு," என்றான். "நாப்பத்தெட்டப் போடு."