பஃப் கை ரவிக்கை

தன் புருஷனுக்கு எங்கேயோ ஒரு தொடுப்பு இருக்கிறது என்று சுசீலா முடிவு கட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குச் சாட்சிகள் ஒன்றிரண்டல்ல. அலமாரியின் அடித்தட்டில் அவளுடையதல்லாத கொண்டை ஊசிகள் கிடந்தன. அவன் கழுத்தோரம் அவள் பூசாத பவுடர் மணத்தது. ஒருநாள் அவன் சட்டைப் பையில் மலாக்கா ஜவுளிக்கடைப் பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் வந்த புடவை மட்டும் வீடு வந்து சேரவில்லை. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டுகிறவனுக்கு இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடிப்பதென்று காத்திருந்தாள்.

பிடித்தும் விட்டாள். அன்று காலை மேட்டுக் காட்டில் மட்டும் மழை கொட்டியது. மழை வந்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. சுசீலா வெட்டுக் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே திரும்பினாள். வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. ஆகவே பத்து மணிக்கு லோரி எடுக்கவேண்டிய தனபாலன், பெண்டாட்டி இந்நேரம் வருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவள் பின்கதவைத் தள்ளினாள். உள்ளே அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள்.

"யாருடி நீ?" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள் சுசீலா.

அந்தப் பெண் திரும்பினாள். தனபாலன்தான் அது. தோட்டத்தில் ஆம்பிளை என்று பிறந்தவன் எல்லாம் மீசை வைத்திருக்க, இவன் மட்டும் ஏன் மழித்துக்கொண்டு திரிகிறான் என்பது கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கியது.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். வேறொருத்தி இல்லை. அப்பாடா என்று வாளியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகுதான் பின்கதவு திறந்து கிடப்பது நினைவுக்கு வந்து, ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

இளநீலத்தில் மெல்லிய வாயில் புடவை, கழுத்தை ஒட்டிய ரவிக்கை, தோளில் ஒரு புரூச், முந்தானையைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகியிருந்தான். தலையில் சவுரி வைத்த கொண்டை. அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தோழிகளோடு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் நிற்கிற பெண்களின் கோலம் அது. இந்தக் காலத்தில் எவளும் அப்படிக் கட்டுவதில்லை.

எட்டாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு அவளே கேட்டாள்.

"ஏங்க, அப்படி ஆசைன்னா என் துணி அத்தன தொங்குதே. பஞ்சாபி சூட்டு இருக்கு, ஸ்கர்ட்டு இருக்கு. எதுக்கு அந்தக் கெழவி புடவ?"

தனபாலன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "போட்டுப் பாத்தேன் சுசி. உங்கிட்ட எதுக்கு மறைக்கணும்? அதுல ஒண்ணும் இல்ல. என் ஜிப்பாவும் பேண்டும் போட்ட மாதிரிதான் இருந்துச்சு. இப்ப உள்ள துணியெல்லாம் மாட்டிக்கிட்டு பஸ்சுக்கு ஓடுறதுக்குத் தச்சது. அந்தப் புடவ அப்படி இல்ல. கொசுவம் புடிச்சு முடிக்கிறதுக்குள்ள மனசு அடங்கிடும். கட்டிட்டா ஓட முடியாது, அளந்துதான் அடி வைக்கணும். எட்டு வருஷமா லோரிய முடுக்கிக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நேரம் மெதுவா நடக்கணும்போல இருக்கு."

சுசீலாவுக்குக் கோபம் வந்தது. "நல்லா இருக்கு உங்க நியாயம். எங்கம்மா அந்தப் புடவையக் கட்டிக்கிட்டு காட்டுல தடுக்கி விழுந்து பல்லு ரெண்டு போச்சு, தெரியுமா? அந்தக் காலத்துப் பொம்பளைங்க ஆசப்பட்டா கட்டுனாங்க? வேற இல்ல, கட்டுனாங்க. எங்களுக்கு எப்படா தொலையும்னு இருந்தது, உங்களுக்கு அழகாத் தெரியுதா?"

"இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்றேன்" என்றான் அவன். பிறகு மெல்ல, "நீ தெனமும் என் முழுக்கை சட்டையப் போட்டுக்கிட்டுத்தான காட்டுக்குப் போற? யாராச்சும் சிரிச்சாங்களா?" என்று கேட்டான்.

தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கொசுக்கடிக்கு அப்படித்தான் போனார்கள். அவன் கேட்டது சரிதான், ஆனாலும் அவளுக்குப் பயம் இருந்தது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்தில் ஒருத்தன் இப்படிப் பிடிபட்டு, சொந்த அண்ணன்மாரே அடித்துத் துரத்தினார்கள். எங்கே போனான், இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தனபாலனுக்கும் அந்த நிலைமை வந்துவிடக்கூடாது என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு சுசீலாவின் வேண்டுதல். முனியாயி அக்கா வீட்டுச் சுவரும் இவர்கள் வீட்டுச் சுவரும் ஒரே பலகை. அந்த அக்கா தும்மினால் இங்கே கேட்கும். இங்கே புடவை சரசரத்தால் அங்கே கேட்காதா? ஜன்னலை மூடினாள், ரேடியோவைத் திருப்பினாள், கண்கொத்திப் பாம்பாக வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் நாலு அடி போவான், நாலு அடி வருவான். அந்த அறை அவ்வளவுதான் நீளம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பாவம்தான் வினையாக வந்தது. 1994ஆம் வருஷம் தோட்டத்துக் குடும்ப தினத்துக்கு மாறுவேடப் போட்டி வைத்தார்கள். பெரியவர்களுக்கு மட்டும். ஆண்கள் பெண் வேடம் போடலாம் என்று வேலை வாங்கும் மண்டோர் வீராசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே அறிவித்துவிட்டார். முதல் பெயராகத் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். சுசீலாவுக்குச் சட்டென்று புத்தியில் பட்டது. ஊரே சிரிக்கிற இடம். அங்கே யாரும் எதையும் சந்தேகப்படப் போவதில்லை. பட்டப்பகலில், திறந்த திடலில், ஒரே ஒரு தடவை அவன் நடந்துவிட்டு வரட்டுமே! இரண்டாவது பெயராகத் தனபாலன் பெயரை எழுதச் சொன்னவள் அவள்தான்.

சொன்னதும் அவன் முகம் போன போக்கை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்த நாளில்கூட அவனுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

பழைய ரவிக்கை தோளில் பிடித்தது. முதுகில் ஊசி குத்தித்தான் சமாளித்துக்கொண்டிருந்தான். மலாக்கா தெங்கேராவில் தையல் கடை வைத்திருந்த செலின் அக்காவிடம் இருவரும் போனார்கள். செலின் அக்கா அளவுத் தாளைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்குமா இது?"

"எங்க அக்காவுக்கு" என்றாள் சுசீலா.

"தோள் இவ்ளோ அகலமா?"

"மரம் வெட்டி மரம் வெட்டி அப்படி ஆயிட்டா அக்கா."

"இப்ப யாரு லா பஃப் கை கேக்குறா? நான் தச்சே பத்து வருஷம் ஆச்சு" என்று செலின் அக்கா அலுத்துக்கொண்டார். தனபாலன் வாய் சும்மா இருக்கவில்லை. "கை மூட்டுக்கு மேல ரெண்டு விரக்கட இருக்கணும். சுருக்கம் மேல மட்டும் வரணும், கீழ பட்டி வச்சுருங்க" என்றான். செலின் அக்கா அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ரவிக்கை கச்சிதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுசீலா அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "கோணலாக் கட்டுங்க. உதட்டுச் சாயத்த வாய்க்கு வெளிய ஈஷிக்குங்க. நெஞ்சுல பலூன் வைங்க, நடுவுல ஒண்ணு வெடிச்சா நல்லது. சிரிப்போட சிரிப்பா முடிஞ்சிடணும், புரியுதாங்க?"

"சரி சரி, புரியுது லா" என்றான் அவன்.

பள்ளிக்கூடத் திடலில் தோட்டமே கூடியிருந்தது. முதலில் வீராசாமி வந்தார். முழங்காலுக்கு மேல் குட்டைப் பாவாடை, கறுப்புக் கண்ணாடி, தேங்காய்ச் சிரட்டை மார்பு, கையில் ஹேண்ட்பேக். இடுப்பை ஆட்டிக்கொண்டு ஆபீஸ் கிராணியின் மடியிலேயே போய் உட்கார்ந்தார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுசீலாவும் சிரித்தாள். நல்ல சகுனம் என்று நினைத்தாள்.

அடுத்து தனபாலனைக் கூப்பிட்டார்கள். வகுப்பறைக் கதவு திறந்தது. கூட்டம் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது.

எதுவும் கோணலாக இல்லை. கொசுவம் பிசகவில்லை. உதட்டுச் சாயம் இருந்ததா என்றே தெரியவில்லை. புது ரவிக்கையின் கை இரண்டு பக்கமும் பூரித்து நின்றது. பலூனாவது மண்ணாங்கட்டியாவது! அவன் யாரையும் பார்க்கவில்லை, யார் மடியிலும் போய் விழவில்லை. புல்லில் புடவைக் கரை படாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு, அளந்து அளந்து நடந்து வந்தான். அவ்வளவு நீளத்துக்கு அவன் நடந்ததே இல்லை. திடலின் மறுகோடிவரை போய் நின்று, நிதானமாகத் திரும்பினான். எத்தனை அழகு! தன் உடம்பில் எந்தத் துணியும் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை என்று சுசீலாவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. விசில் அடிக்க விரலை வாயில் வைத்தவன் வைத்தபடி இருந்தான். திடல் முழுக்க அமைதியாகிவிட்டது.

"என்னாடி இது, நெசமா பொம்பள மாதிரியே வர்றான்" என்று பக்கத்தில் முனியாயி அக்கா முணுமுணுத்தாள். "இது வேஷம் மாதிரியே இல்லையே."

பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "பழக்கம் இருக்கும்போல" என்றது. ஒன்றிரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீராசாமி சிரட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல், தனபாலனின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனபாலன் இன்னும் கால்வாசித் திடல் நடக்கவேண்டியிருந்தது. அவன் அவசரப்படவில்லை, இந்த ஊரின் பேச்சு எதுவும் அவன் காதில் விழவில்லை. இப்போது யாராவது சிரிக்கவேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

சுசீலா எழுந்தாள். கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"அடியேய்! யாருடி நீ? என் புருஷன எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று கத்திக்கொண்டு திடலுக்குள் ஓடினாள். தனபாலன் திகைத்து நின்றான். அவள் அவன் முதுகில் செருப்பால் தட்டினாள், முந்தானையைப் பிடித்து உருவினாள், கொண்டையைப் பற்றி இழுத்தாள். சவுரி ஊசியோடு அவள் கையில் வந்தது. அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்காட்டி, அடிவயிற்றிலிருந்து வரவழைத்து, சிரி சிரி என்று சிரித்தாள்.

திடல் வெடித்தது. முனியாயி அக்கா நாற்காலியிலிருந்து சரிந்தாள். "புருஷனும் பெண்டாட்டியும் சேந்து பிளான் பண்ணியிருக்காங்கடா!" என்று வீராசாமி தொடையைத் தட்டினார். பழக்கம் இருக்கும் என்று சொன்னவன்தான் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினான்.

தனபாலன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு கணம்தான். பிறகு, கலைந்த தலையோடு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வீராசாமியைப் போலவே ஆட்டினான். கூட்டம் இன்னும் சத்தம் போட்டது. அவன் இன்னும் ஆட்டினான். சுசீலாவுக்கு ஐயோ போதும் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்த முடியாது, சிரித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். சவுரியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கைலியைக் கட்டிக்கொண்டு, கிழிந்த முந்தானையோடு புடவையை நாலாக மடித்தான். ரவிக்கையை அதன்மேல் வைத்தான். கழுத்தில் அவள் நகம் பட்டுச் சிவந்திருந்தது. அவள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். அவன் வாங்கித் தானே தடவிக்கொண்டான்.

"சுசி, நெசமாவே அவ்ளோ சிரிப்பாவா இருந்தேன்?"

அவள் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லங்க. சத்தியமா இல்ல. அவ்ளோ அழகா இருந்தீங்க. யாருக்கும் சிரிப்பே வரல. அதனாலதாங்க பயந்துட்டேன். அவங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு வேற வழி தெரியல..."

அவள் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கோபமே இல்லாமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"விடு சுசி. அதான் ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டோமே. இங்கயும் எதுக்கு நடிக்கிற?"