இறங்கி வராதவருக்கான ஸ்பிரிங்

சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிய அன்று காலை பத்தே காலுக்குப் பிரஸ் ஓட்டுகிறவர் தரையை விட்டு ஒரு சாண் மேலே போய் நின்றார். வாசல் காவலாளி அதைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் அவர் வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொண்டார். கை நசுங்காமல் காக்கும் தடுப்பு உடைந்த பிரஸ்ஸை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான் அவர் செய்த குற்றம். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது, தவறு என்னுடையது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை என்றார்கள். இரண்டு முறை மறுத்தார், இரண்டு சாண் ஏறினார். மூன்று சாணோடு உயரம் நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தாளுக்கும் அவரைக் கீழே அமுக்கத் தேவைப்படும் பலம் கூடிக்கொண்டே போனது. தையல் கம்பெனியில் காஜா அடிக்கும் அவர் மனைவி தொங்குதராசைத் தலைகீழாகப் பிடித்து அளந்தாள். முதல் வருட முடிவில் நாற்பது கிலோ, மேல்நோக்கி.

அவளுடைய அண்ணன் வாரம் தவறாமல் வந்தான். "மாப்ள, கொஞ்சம் இறங்கி வந்தா என்ன, குடியா முழுகிரும்?"

"நானா ஏறினேன் மச்சான்? ஏத்துனவங்க இறங்கி வரட்டும்."

விசாரணையை நிர்வாகம் மலை மேல் இருக்கும் தன் விருந்தினர் விடுதியில் வைத்தது. இருபத்திரண்டு வளைவு. முதல் விசாரணைத் தேதிக்குப் பஸ்ஸில் ஏறப் பார்த்தார். உட்கார்ந்தால் டிக்கெட் உண்டு, நின்றால் உண்டு, தொங்கினால் கிடையாது என்று நடத்துநர் இறக்கிவிட்டார். இரண்டாவது தேதிக்குத் தன் காரை எடுத்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய இரண்டு கதவு ரேஸ் கார், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி ஒன்பது வருடம் ஞாயிறு ஞாயிறாக உயிர் கொடுத்தது. பெல்ட் போட்டுத் தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினார். ஏழாவது வளைவில் அவர் பக்கத்து முன்சக்கரம் தரையை விட்டது, ஸ்டீயரிங் காற்றைத் திருப்பியது, கார் சாலையோர ஓடைக்கல்லில் சாய்ந்து நின்றது. மூன்றாவது தேதிக்கும் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவோம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கு இழுப்பு அறுபது கிலோ.

பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை ஒன்றரை அங்குலம் இறக்கும் செட்டாகப் போடு என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இறக்கும் ஸ்பிரிங் என்றதும் மச்சானுக்கு வாயெல்லாம் பல். "ஆபீஸ்லயும் சஸ்பென்ஷன், கார்லயும் சஸ்பென்ஷன். கார் ஒண்ணாவது இறங்கட்டும்!"

ஸ்பிரிங் கடை வைத்திருந்தவளைச் சுருளக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "உயரத்தப் பாத்து வாங்குறவன் ஊரெல்லாம் குதிச்சுக்கிட்டுத்தான் போவான். சுமையப் பாக்கணும். ஓட்டுறவர் எடை என்ன?" என்று கேட்டாள். அறுபது, மேல்நோக்கி என்றாள் மனைவி. அவர் மேலே அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுருளக்கா ஆச்சரியப்படவில்லை. கழித்தல் குறி போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டாள்.

"அங்க போய் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா? அதச் சொன்னாத்தான் என்னால ஸ்பிரிங் குடுக்க முடியும்."

கணக்கு நியாயமானதுதான். அவர் பக்கத்துக்கு மட்டும் இரண்டு சுருள் குறைந்த, குட்டையான, முரட்டு ஸ்பிரிங் போட்டால் இழுப்பு அறுபதில் இருந்தாலும், மறுத்து எண்பதுக்கு ஏறினாலும் வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் கையெழுத்துப் போட்டு எடை திரும்பிவிட்டால் அந்தப் பக்கம் படுத்துவிடும், டயர் மட்கார்டில் தேய்ந்து அறுந்துபோகும், மலையை விட்டுக் கார் திரும்பாது. சாதாரண செட் போட்டால் இறங்கி வரலாம், ஏறிப் போவதுதான் சந்தேகம்.

"ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இல்லையாக்கா?" என்றான் மச்சான்.

"அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன் கடையில உக்காந்திருக்கேன்?"

அவர் அலமாரியிலிருந்து மனைவியைக் குனிந்து பார்த்தார். இரண்டு வருடமாக அவள் சம்பளத்தில் சாப்பிட்ட மனிதர், அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். அவள் சுருளக்காவைத்தான் பார்த்தாள். "மாட்டாருன்னு போடுங்கக்கா. அவரே போடுறேன்னாலும் நான் பேனாவப் பிடுங்கிருவேன்."

சுருளக்கா அதுவரை எந்த ஸ்பிரிங் ஜோடியையும் பிரித்து விற்றதில்லை. அன்று இரண்டு ஜோடியைப் பிரித்தாள்.

மூன்றாவது விசாரணைத் தேதியன்று கார் இருபத்திரண்டு வளைவையும் நான்கு சக்கரத்தில் ஏறியது. விசாரணை அதிகாரி ஆஜர் என்று எழுதினார். தாளை நீட்டினார்கள், மறுத்தார், இழுப்பு எழுபத்தெட்டு ஆனது, அவரை மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறு முறுக்கேறியது. நிர்வாகத்துக்குச் சாட்சி சொல்ல வந்த மேஸ்திரி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தபடி பொய் சொல்ல அவருக்குக் கழுத்து வரவில்லை. தடுப்பு உடைந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டார். கார் மட்டமாகவே இறங்கி வந்தது.

நான்கு மாதத்தில் வேலை திரும்பக் கிடைத்தது, பிரஸ்ஸுக்குப் புதுத் தடுப்பும் வந்தது. இனி இறங்கிவிடுவார் என்று நிர்வாகம் பத்து நாள் பார்த்தது. அவர் தினமும் குனிந்து, நெற்றி இடிபட, அதே மூன்று சாண் உயரத்தில்தான் உள்ளே போனார். பதினோராம் நாள் கொத்தனாரை அழைத்து வாசல் நிலையை உயர்த்திக் கட்டினார்கள்.