கோயில் குருசும் ஒற்றைப் பனையும்

மற்றப் பெட்டையள் ஃபோனில சீலை, மேக்கப் எண்டு பாக்க, கத்தரீனா தேன்கூட்டுக்கு ஏன் ஆறு மூலை, பழைய பாலம் ஏன் விழேல்லை எண்டு பாத்துக்கொண்டிருப்பாள். குசினியில கறி அடிப்பிடிச்சாலும் தெரியாது அவளுக்கு.

அதிலயும் நிமலன்ர சனல் எண்டா உயிர். சரவணை ஊர்ப் பெடியன், விஞ்ஞானத்தைக் கதை மாதிரிச் சொல்லுவான். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழ கொமென்ற் போடுற அவளுக்கு அவனே ஒருநாள் எழுதிக் கேட்டான், ஜீபிஎஸ் இல்லாமல் நடுக்கடலில இடத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கினம் எண்டு. கத்தரீனாவுக்குக் கால் நிலத்தில பாவேல்லை.

ஏனெண்டா அவளுக்குத் தெரியும். தேப்பன் யாகப்புவுக்கு ஊர்காவற்துறைக் கடலுக்கடியில ஒரு கல்லு இருக்கு, கலவாய் மீன் படுக்கிற இடம். போட்டில நிண்டு பாக்க, கோயில் குருசு ஃபோன் ரவருக்கு நேர வரவேணும். மற்றப் பக்கம் அனலைதீவு ஒற்றைப் பனை தண்ணித்தாங்கிக்கு நேர வரவேணும். ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் குறி. வேற போட் கிட்ட வந்தா யாகப்பு எஞ்சின் பழுது மாதிரிக் குனிஞ்சு கயிறை இழுத்துக்கொண்டு, கல்லை விட்டு விலத்தி மிதப்பார். அப்பிடிக் காத்த குறி. இவள் வருஷக்கணக்கா நச்சரிச்சு, ஒரு பெரியவெள்ளி கழிஞ்ச கையோட கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவர். அண்டைக்கு மீன் படேல்லை, நீரோட்டம் சரியில்லை எண்டார். இவள் சந்தோசத்தில அழுதவள்.

நிமலனுக்கு எல்லாத்தையும் படம் கீறிக் காட்டினாள். ஒண்டே ஒண்டுதான் கேட்டவள்: வீடியோவில வேற கோபுரம், வேற மரம் போடும் எண்டு. அவன் சத்தியம் பண்ணினான்.

வீடியோ வந்துது. சோக்கான வீடியோ. கோடு ரெண்டும் கடலுக்கு மேலால மெல்ல நீண்டு வர, வாய் பிளந்து பாத்துக்கொண்டிருந்தவள் குருசைக் கண்டாள். ரவரைக் கண்டாள். பனையும் அச்சொட்டா அதே பனை.

கோல் எடுத்துக் கத்தினாள். அவன் ஆறுதலாச் சொன்னான்:

"அறிவை ஒராள் பொத்தி வைச்சிருக்கக்கூடாது, கத்தரீனா. நீர்தானே அப்பிடிக் கொமென்ற் போடுறனீர்."

விடியக் கரையில ஒரு போட்டுமில்லை, யாகப்புவின்ரயைத் தவிர. அவர் இருந்து கிழிஞ்ச வலையை ஊசியால பொத்திக்கொண்டிருந்தார். கத்தரீனா விக்கி விக்கி எல்லாத்தையும் சொன்னாள். அவர் தலை நிமிரேல்லை.

"அழாதை. அவங்கள் வெறும் வலையோட வரட்டும். அந்தக் குறியில கல்லில்லை."

அவளுக்கு முதல் விளங்கேல்லை.

"அப்ப அண்டைக்கு என்னத்தைக் காட்டினனீங்கள்?"

"நாளைக்கு நீ எங்கயாவது கலியாணம் கட்டிப் போவாய். குறியும் உன்னோட அந்த வீட்டுக்குப் போயிடும். பெட்டையளுக்குச் சொல்லுறேல்லைப் பிள்ளை."

மீன் விலை சொல்லுற மாதிரித்தான் சொன்னார். டிலோனுக்குச் சொன்னனீங்களோ எண்டு கேட்டாள். தம்பி டிலோன் போட்டில ஏறினாலே தலைசுத்திச் சத்தி எடுக்கிறவன். யாகப்பு ஊசியை வலையின்ர அடுத்த கண்ணுக்குள்ள விட்டார்.

பின்னேரம் நிமலன் கோல் எடுத்தான். வீடியோவுக்குக் கீழ முழுக்க ஏச்சு, போனவையெல்லாம் மண்ணைத்தான் கண்டவையாம்.

"நீர் எனக்குப் பொய் சொல்லிப்போட்டீர்," எண்டான். உண்மையாவே குரல் உடைஞ்சிருந்தது.

அப்பா எனக்கே சொல்லேல்லை எண்டு சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை.

"ஓம், நிமலன்," எண்டாள். "பொய்தான் சொன்னனான்."