வர்றியான்னு கேட்டேன்

வெளிநாட்டில், ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலையில் சேர்ந்த அன்றைக்கே அவளுக்கு ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைச் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளர் அதை "நான்" என்றே சொல்ல வேண்டும். "இவருக்கு வலிக்கிறதாம்" என்பது கூடாது, "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். தன் வாயால் தனக்காக ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், "மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் வேண்டும்" என்று யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து திங்கட்கிழமை சர்க்கரை நோயாளி, செவ்வாய்க்கிழமை பெண்டாட்டியை அடித்தவன், புதன்கிழமை அடி வாங்கிய பெண்டாட்டி என்று அவள் பிழைப்பு ஓடியது. சாயங்காலம் வீட்டைத் திறந்தால் பேச ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் போனில் "சாப்ட்டியா" என்பான், இவள் "சாப்ட்டேன்" என்பாள், கதை முடிந்தது. ஒருமுறை வங்கியிலிருந்து யார் பேசுவது என்று கேட்டதற்கு, பழக்க தோஷத்தில் "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று சொல்லித் தொலைத்தாள். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லாததால் அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு சாவு விசாரணை. கிடங்கு ஒன்றின் கூரையில் தகடு மாற்றும்போது ஒருவன் உள்ளே விழுந்து இறந்துபோயிருந்தான். கீழே பெட்டி அடுக்குகிற வேலைக்காரன் அவன். உயரம் என்றாலே அவனுக்குக் கைகால் உதறும். அன்று கூரையில் ஒரு ஆள் குறைந்ததால் மேலே போனான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை, ஏனென்றால் கம்பெனி யாருக்குமே பெல்ட் கொடுத்ததில்லை. அவனை மேலே கூப்பிட்டது கூரை வேலை செய்துகொண்டிருந்த அவனுடைய சொந்த அண்ணன். அந்த அண்ணன்தான் இன்று சாட்சி. பின் வரிசையில், தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, செத்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து கணவனின் அண்ணனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வக்கீல் குமாஸ்தா காதைக் கடித்துவிட்டுப் போனார்.

கம்பெனி வக்கீலுக்கு ஒரே குறிதான். மேலே அனுப்பியது கம்பெனி இல்லை, அண்ணன்தான் கட்டாயப்படுத்தி ஏற்றிவிட்டான் என்று எழுத்தில் வந்துவிட்டால் போதும், கம்பெனி கையைக் கழுவிவிடும். அந்தப் பெண்ணும் குழந்தையும் நடுத்தெருவில் நிற்பார்கள். அதனால் மனிதர் ஆங்கிலத்தில் பெரிய கடையே விரித்தார். தம்பியை 'என்கரேஜ்' செய்தீர்களா? 'அர்ஜ்' செய்தீர்களா? 'பெர்சுவேட்' செய்தீர்களா? இல்லை, 'பிரஷர்' கொடுத்தீர்களா? தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால்தான் குணம் தெரியும். முதலாவது, ஏற்கெனவே கிளம்பிவிட்டவனைத் தட்டிக்கொடுப்பது. இரண்டாவது, நின்றுகொண்டிருப்பவனைப் போ போ என்று வற்புறுத்துவது. மூன்றாவது, மாட்டேன் என்றவனின் மனதைப் பேசிப் பேசி மாற்றுவது. நான்காவதில் மனசு மாறுவதே இல்லை, ஆள் மட்டும் போய்விடுவான். அவள் ஒவ்வொன்றையும் அலுங்காமல் குலுங்காமல் தமிழில் எடுத்து வைத்தாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தலையை ஆட்டி இல்லை என்றான். தைரியம் சொல்லவில்லை, வற்புறுத்தவில்லை, பேசி மயக்கவில்லை, மிரட்டவில்லை. ரோஷம் வரும்படி உசுப்பேற்றினாயா என்று வக்கீல் கடைசிச் சரக்கையும் எடுத்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அப்படியானால் என்னதான் சொன்னாய் என்று எரிச்சலாகக் கேட்டார்.

"ஏணிகிட்ட நின்னுட்டு, வர்றியான்னு கேட்டேன்," என்றான் அண்ணன்.

"ஏணிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறாயா என்று அவனிடம் கேட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அவள். ஒரு எழுத்துப் பிசகில்லை.

அறையே லேசாகிவிட்டது. கேட்டானா, அவ்வளவுதானா? கேள்வி கேட்பது ஒரு குற்றமா? கம்பெனி வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பெண்ணின் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். விசாரணை அதிகாரி அண்ணனை முதல்முறையாகக் கனிவோடு பார்த்தார்.

அவளுக்கு மட்டும் அது கேள்வியாகக் கேட்கவில்லை. அப்பா இல்லாத வீடு அது என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். இவன்தான் தம்பியைப் படிக்க வைத்தான், இங்கே வரவழைத்தான், கல்யாணம் பண்ணி வைத்தான். அப்படிப்பட்ட அண்ணன் "சாப்பிடறியா" என்றால் தட்டின் முன் உட்கார் என்று அர்த்தம். "வர்றியா" என்றால் செருப்பைப் போடு என்று அர்த்தம். அதற்கு "இல்லண்ணே" என்று ஒரு பதில் இருப்பதே தம்பிகளுக்குத் தெரியாது. அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்தார். "பையனைப் பிடிச்சிருக்கா" என்று கேட்டார், இவள் தலையாட்டினாள். பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம் என்பது கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அறை லேசானதை அண்ணனும் பார்த்துவிட்டான். அவன் அதிகாரியை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினான்.

"மேடம், இவங்களுக்குப் புரியல. நான் கேட்டா அவன் மாட்டேன்னு சொல்லமாட்டான். நீங்க எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல."

அதையும் அவள் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்பது அங்கே, பாசமுள்ள தம்பி என்கிற அளவில்தான் போய்ச் சேர்ந்தது. யாரை எடுத்துச் சொல்லச் சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளரை, என்றாள். மொழிபெயர்ப்பாளர் விளக்க வேண்டியது ஏதாவது உண்டா என்றார் அதிகாரி.

இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு வாக்கியம் போதும். எங்கள் ஊரில் அண்ணன் கேட்பது கேள்வி அல்ல என்று சொன்னால் தீர்ந்தது. கம்பெனி வக்கீல் அதைக் கப்பென்று பிடித்துக்கொள்வார், அவர் தேடிய சொல் கையில் வந்து விழுந்துவிடும், பெல்ட்டைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பின் வரிசையில் அந்தப் பெண் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சலா கோபமா என்று இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மொழிபெயர்ப்பாளருக்குச் சேர்க்க எதுவும் இல்லை," என்றாள்.

பொய் சொன்னது மொழிபெயர்ப்பாளர்தான், தான் இல்லை என்று நினைத்துக்கொள்ள அந்த நேரத்தில் வசதியாகத்தான் இருந்தது. சாட்சியின் பேரில் குற்றமில்லை, ஆட்களைப் பெல்ட் இல்லாமல் ஏற்றியதற்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று அதிகாரி பதிவு செய்தார்.

வெளியே நடையில் அந்தப் பெண்ணின் வக்கீலைச் சுற்றிச் சின்னக் கூட்டம் இருந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனைத் தாண்டி, சுவரைப் பார்த்தபடியே போய்விட்டாள். அவன் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான். சாட்சியோடு வெளியே பேசக் கூடாது என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு விதி. பையை மாட்டிக்கொண்டு இவளும் தாண்டித்தான் போனாள்.

"அக்கா," என்று கூப்பிட்டான். என்ன எழுதிக்கொண்டார்கள் என்று கேட்டான். நீங்கள் கேட்டதாக எழுதிக்கொண்டார்கள், உங்கள் மேல் தப்பில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள், என்றாள்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்றான். "கூட வேலை செய்றவங்களும் சொல்லிட்டாங்க, போலீசும் சொல்லிட்டாங்க. அவ வாயே திறக்கமாட்டேங்கிறா. ஒருத்தராவது ஆமாடா, உன்னாலதான்னு சொன்னா, உக்காந்து அழுதுட்டுப் போயிருவேன்க்கா. யாருகிட்டதான் போய்ச் சொல்றது?"

நடையின் கோடியிலிருந்து குமாஸ்தா இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஏறப் பயம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க கேட்டா வந்துருவார்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப ஆமா. நீங்க கேட்டதாலதான் வந்தார்."

அவன் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதான். குமாஸ்தா பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். அவன் அழுது முடிக்கிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.